வெப்லி சீனியரா, வால்தர் எல்.பி. 53-ஆ? பழைய ஏர் பிஸ்டலின் வயதும் விலையும்

பழைய ஏர் பிஸ்டல் சேகரிக்க ஆசைப்படுகிற பலரும் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் செய்த சீனியர். இன்னொன்று, ஜெர்மனியின் ஊல்ம் நகரில் கார்ல் வால்தர் செய்த எல்.பி. 53. இரண்டும் ஸ்பிரிங் அடைத்த காற்றால் சுடுபவை. இரண்டும் பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தவை. ஆனால் வயதைக் கண்டுபிடிக்கும் வழியும் விலை பேசும் விதமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வெப்லியில் பழகிய கண்ணோடு வால்தர் வாங்கப் போகிறவர் தவறான இடத்தைப் பார்த்து விலை சொல்லிவிடுவார்.

பிறந்த கதையில் மட்டும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெப்லி ராணுவ ரிவால்வர்களுக்குப் பேர்போன நிறுவனம். முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவ ஆர்டர்கள் வற்றின. பிரிட்டனின் 1920ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சாதாரண மக்கள் கைத்துப்பாக்கி வாங்குவதையும் கடினமாக்கியது. 1924இல் வெப்லியின் முதல் ஏர் பிஸ்டலான மார்க் 1 வந்தது அந்தச் சூழலில்தான். வால்தருக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் பழைய ஊரான செல்லா-மேலிஸ் சோவியத் ஆளுகைக்குள் போய்விட்டது. மேற்கே வந்து மறுபடி தொடங்கியபோது ஜெர்மானியர்கள் வெடிமருந்துத் துப்பாக்கி செய்யத் தடை இருந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்.பி. 53 பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் இவை இரண்டிலும் விளையாட்டுச் சாமான் தரத்தைத் தாண்டிய வேலைப்பாடு தெரியும். உண்மையான துப்பாக்கி செய்து பழகிய கைகள் அவை.

முதலில் சீனியர். இது 1930 முதல் 1964 வரை தயாரானது. பேரல் மேலே, காற்று உருளை கீழே. பின்பக்கக் கொக்கியை விடுவித்து, பேரலை மேலே தூக்கி முன்னால் சாய்த்தால் ஸ்பிரிங் இறுகும். கையில் எடுத்ததும் வயது பற்றிப் பாதி பதில் சொல்வது கைப்பிடி. அது உருளைக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கினால் போருக்கு முந்தையது. பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் 1945க்குப் பிந்தையது. இந்த ஒரு வேறுபாடு விலையிலும் பெரிதாகப் பேசும். அதே நிலையில் உள்ள இரண்டில் நேர்க்கைப்பிடிதான் சேகரிப்பாளர்கள் தேடுவது.

எண்ணை நம்பி ஏமாறும் இடமும் இதுதான். போருக்குப் பிந்தைய வெப்லிகளில் பொறித்திருப்பது தனி சீரியல் நம்பர் இல்லை, ஒரு தொகுதிக்கான எண். ஒரே எண்ணில் பல பிஸ்டல்கள் இருக்கும். "எண் சின்னது, அதனால் ரொம்பப் பழசு" என்று விற்பவர் சொன்னால் அந்த வாதத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். சீனியருக்குப் பின் 1964இல் வந்த பிரீமியரில் இந்தச் சிக்கல் குறைவு. வரிசைப்படி ஏ முதல் எஃப் வரை எழுத்து பொறித்திருப்பார்கள், அந்த எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். 1975இன் ஹரிகேன், 1979இன் டெம்பஸ்ட் ஆகியவை இப்போதைக்குச் சுடுவதற்காக வாங்க வேண்டியவை. அவற்றை அரும்பொருள் விலையில் யாராவது நீட்டினால் வேண்டாம்.

பெட்டி இருந்தால் அதில் அச்சிட்ட முகவரியையும் பாருங்கள். வெப்லி வெகுகாலம் வீமன் தெருவில் இருந்தது, பிறகு ஹேண்ட்ஸ்வொர்த்துக்கு மாறியது. சாய்ந்த கைப்பிடி பிஸ்டல் ஒன்று போருக்கு முந்தைய பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தால், இரண்டையும் யாரோ பின்னாளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பெட்டிக்கு ஒரு விலை, பிஸ்டலுக்கு ஒரு விலை என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

வால்தருக்கு வந்தால் கதை வேறு. எல்.பி. 53இன் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கைப்பிடிக்குள்ளேயே இருக்கின்றன. நீண்ட மெல்லிய பேரலைக் கீழே மடித்து இறுக்க வேண்டும். 1983 வரை தயாரிப்பு நீண்டது, அத்தனை காலத்திலும் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. ஆகவே தூரத்திலிருந்து பார்த்து வயது சொல்ல முடியாது, விவரங்களுக்குள் போக வேண்டும். மிகத் தொடக்கத்தில் வந்தவற்றில் கைப்பிடிச் சட்டத்தின் உட்புறக் கோடு வளைந்திருக்கும், பின்னால் வந்தவற்றில் நேராக இருக்கும். முந்தையவற்றின் மேற்பரப்பு வழவழப்பான கருநீலம். பிந்தையவற்றில் சுருக்கம் விழுந்தாற்போன்ற சொரசொரப்பான பூச்சு. சீரியல் நம்பர் இங்கே உதவும், எண் சிறிதாக இருந்தால் பொதுவாக முந்தையது.

இன்னும் திடமான ஒரு சான்று ஜெர்மன் சட்டம் தந்தது. 1970 முதல் அந்நாட்டில் செய்து விற்கும் குறைந்த ஆற்றல் ஏர் பிஸ்டல்களில், ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்தைப் பொறிக்க வேண்டும். 7.5 ஜூலுக்கு உட்பட்டது என்பதற்கான முத்திரை அது. எல்.பி. 53இல் அந்த ஐங்கோணம் இருந்தால், "ஐம்பதுகளில் தாத்தா வாங்கியது" என்ற கதைக்கு இடமே இல்லை. இல்லாவிட்டால் பெரும்பாலும் 1970க்கு முந்தையது. ஆனால் ஏற்றுமதிக்குப் போனவற்றை இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கைப்பிடிச் சட்டத்தின் வளைவையும் பூச்சையும் சேர்த்துப் பாருங்கள்.

காலக்கணிப்பில் ஆக, என் ஓட்டு சீனியருக்கு. கைப்பிடியின் சாய்வைப் பார்த்து ஒரு நொடியில் போருக்கு முன்னா பின்னா என்று சொல்ல முடிகிறது. வால்தரில் குறைந்தது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

விலையில்தான் உண்மையான போட்டி. வயதைவிட அதிகமாக விலையைத் தீர்மானிப்பது அசல் பூச்சு. சீனியரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உருளையின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளைப் பாருங்கள். அசலானால் எழுத்தின் விளிம்பு விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். தேய்த்து மெருகேற்றி மறுபடி நீலம் பூசியிருந்தால் விளிம்புகள் உருண்டு, எழுத்து சோப்பில் கீறியது போலத் தெரியும். திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருப்பதும் அதே கதைதான். திருகாணித் தலைகளின் வெட்டு நசுங்கியிருந்தால் யாரோ பொருத்தமில்லாத ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போய் வந்திருக்கிறார்கள். பளபளக்கும் மறுபூச்சைவிட, அங்கங்கே பழுப்பேறிய அசல் பூச்சு எப்போதும் கூடுதல் மதிப்புள்ளது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை: வாங்கியதும் மெருகேற்றக் கொடுப்பவர் தன் பணத்தைத் தானே தேய்த்து எடுக்கிறார். நிக்கல் பூசிய வெப்லிகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தொழிற்சாலையிலேயே நிக்கல் பூசி வந்தவை உண்டு, அவை அரிது. அதனாலேயே பின்னாளில் பூசியவற்றையும் அசல் என்று விற்கிறார்கள்.

எல்.பி. 53க்கு அசல் பூச்சோடு உடன்வந்த பொருள்களும் சேர்ந்து விலை பேசும். பேரல் நீளமும் மெல்லிசும் என்பதால் வெறுங்கையால் மடித்தால் கை வலிக்கும். அதற்கென முனையில் பொருத்த ஒரு மரக்குமிழ் தந்தார்கள். குறிபார்க்கும் முனைகளை மாற்றிப் போடலாம். பேரலில் மாட்ட எடைக்கட்டியும், எல்லாவற்றையும் வைக்க உள்வெட்டுப் பெட்டியும் கிடைத்தன. முதல் உரிமையாளருக்குப் பின் இவை சிதறிப்போவது வழக்கம். குமிழும் மாற்று முனைகளும் பெட்டியுமாக முழுதாக ஒன்று கிடைத்தால் வெறும் பிஸ்டலைவிட மிக நல்ல விலை போகும், அது நியாயமும்கூட.

அப்புறம் ஜேம்ஸ் பாண்ட். 1960களில் ஷான் கானரியை வைத்து விளம்பரப் படங்கள் எடுக்கும்போது, பாண்டின் வழக்கமான துப்பாக்கி ஸ்டுடியோவில் இல்லை. புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன் சொந்த எல்.பி. 53ஐ எடுத்துக் கொடுத்தார். நீண்ட பேரலை முகத்தருகே உயர்த்திப் பிடித்த அந்தத் தோற்றம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஒரே பிஸ்டல் 2010 நவம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது. அந்தத் தொகை அந்தப் பிஸ்டலுக்கு மட்டும் உரியது. விற்பனை விளம்பரத்தில் "பாண்ட் துப்பாக்கி" என்று போட்டிருந்தால் அதற்காக ஒரு பவுண்டுகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்ட மாடல் அது.

உள்ளே ஸ்பிரிங்கும் சீலும் மாற்றியிருந்தால் இரண்டிலுமே கவலை வேண்டாம், தேய்மானத்தில் அவை மாறத்தான் செய்யும். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. சோதித்துப் பார்க்கும்போது பெல்லட் என்கிற சிறு குண்டு இல்லாமல் சுடாதீர்கள், பிஸ்டன் நேரே மோதும். பேரல் திறந்திருக்கையில் டிரிகரைத் தொடவே கூடாது. பேரல் பாய்ந்து மூடினால் விரல் போகும், பிஸ்டலும் போகும்.

பிரிட்டனில் உள்ள நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: வியாபாரி விற்கும் ஏர் பிஸ்டலை நேரில்தான் கைமாற்ற வேண்டும், தபாலில் வீட்டுக்கு வராது. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் பிஸ்டல் வைத்திருக்கவே சான்றிதழ் தேவை. ஏலத்தில் கை தூக்கும் முன் இந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பிஸ்டல் வாங்குகிறவருக்கு நான் சொல்வது, போருக்குப் பிந்தைய சாய்வுக் கைப்பிடி சீனியர், அசல் பூச்சோடு. சந்தைக்கு நிறைய வருகிறது, விலை மிதம், எழுத்தையும் திருகாணியையும் பார்த்துக் கண் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. எல்.பி. 53ஐ மரக்குமிழும் பெட்டியும் சேர்ந்து வரும்வரை தள்ளிப் போடுங்கள். தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பவர் பெரும்பாலும் முழு செட்டின் விலையைத் தாண்டிவிடுவார். நேர்க்கைப்பிடி சீனியர் ஒன்று, கூரான எழுத்துகளோடும் அதற்கேயுரிய பெட்டியோடும் வந்தால் மட்டும் வால்தருக்காக ஒதுக்கிய பணத்தைத் தாராளமாக எடுக்கலாம்.