சுண்டிப் பார்ப்பதா, டார்ச் அடிப்பதா, கவிழ்த்துப் பார்ப்பதா?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஒயின் கிளாஸ்களில் பெரும்பாலும் தேதியும் இருக்காது, செய்தவர் பெயரும் இருக்காது. விலையோ அதிகம். அதனால் வாங்குபவர்கள் மூன்று சோதனைகளை நம்புகிறார்கள்: விரலால் சுண்டி ஓசை கேட்பது, புற ஊதா டார்ச் அடிப்பது, கவிழ்த்து அடியைப் பார்ப்பது. மூன்றுக்கும் ஒரே மரியாதை கொடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஓசைச் சோதனைக்கு ஓர் அடிப்படை உண்டு. லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-ல் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் செய்தவை மயிரிழை விரிசல் ஓடி மங்கிப்போயின. ஈய ஆக்சைடு சேர்த்துக் கலவையைச் சரிசெய்த பிறகுதான் அது நிலைத்தது. கையில் எடுத்தால் கனமும், சுண்டினால் நீண்ட ரீங்காரமும் அந்த ஈயத்தின் கொடை. ஈயம் சேராத சாதாரண சோடா கண்ணாடியில் ஓசை சட்டென்று அடங்கிவிடும். ஆனால் போன மாதம் செய்த ஈயக் கிரிஸ்டலும் இதே ரீங்காரம் போடும். அசல் பழசு ஒன்றில் விரிசல் இருந்தால் ஊமையாகிவிடும். விற்பவர் தானே சுண்டிக் காட்டி “என்ன நாதம் பாருங்க” என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

கனத்தையும் அளவுகோலாக்க முடியாது. 1745-ல் வந்த சட்டம் கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி போட்டது. அதன்பின் கிளாஸ்கள் மெலியத் தொடங்கின. அதாவது 1760-ல் செய்த அசல், 1720-ல் செய்ததைவிட லேசாக இருப்பதில் தவறே இல்லை.

டார்ச் இதைவிட ஒரு படி மேல். இருட்டில் அடித்தால் ஈயக் கண்ணாடி நீலமும் ஊதாவும் கலந்தாற்போலத் தெரியும். சோடா கண்ணாடி பெரும்பாலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மினுங்கும். சோடா கண்ணாடியில் செய்த நகல்களை இது நொடியில் கழித்துவிடும். ஆனால் ஈயம் போட்டுச் செய்த நகலிடம் இதன் பாச்சா பலிக்காது. என்னைக் கேட்டால் டார்ச்சின் உண்மையான பயன் வேறு: உடைந்து ஒட்டிய தண்டு. பகலில் கண்ணுக்குப் படாத பசை, டார்ச் வெளிச்சத்தில் பல நேரம் தனி நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அடி. ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்குங்கள்.

கையால் ஊதிய கிளாஸை முடிக்கும்போது அடித்தட்டின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். கம்பியைத் தட்டிப் பிரித்த இடத்தில் சொரசொரப்பான தழும்பு நிற்கும். அது மேஜையைக் கீறாமலிருக்க அடித்தட்டை நடுவில் தூக்கிக் கூம்பாகச் செய்தார்கள். ஆகவே கிளாஸ் மேஜையைத் தொடுவது ஓரத்தில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும். தேய்மானமும் அங்கேதான் இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் அசல் தேய்மானத்தில் ஒழுங்கே இராது: ஒரு கீறல் ஆழம், ஒன்று மேலோட்டம், ஒவ்வொன்றும் ஒரு திசை, பழையவற்றின் விளிம்பு மழுங்கியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்ததோ ஒரே ஆழத்தில் வரிவரியாகத் தெரியும். மேஜையைத் தொடவே முடியாத உள்பக்கத்திலும் ஏறியிருக்கும். அடித்தட்டின் அகலத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து கிளாஸ்களில் பெரும்பாலும் அது கிண்ணத்தின் வாயளவாவது இருக்கும். குறுகலாக இருந்தால் நகலாக இருக்கலாம், அல்லது ஓரம் உடைந்ததை அரைத்துச் சரிசெய்திருக்கலாம்.

அடியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பழைய பாணி நகல்கள் வந்துவிட்டன. அவை நூறு வருஷத்துக்கும் மேல் புழங்கி நேர்மையாகவே தேய்ந்திருக்கும். அங்கே நிறம்தான் கைகொடுக்கும். ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பழைய ஈயக் கண்ணாடியில் ஒரு சாம்பல் சாயல் படிந்திருக்கும். பிற்கால நகல் பெரும்பாலும் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். தண்டுக்குள் வெள்ளை எனாமல் (ஒளி ஊடுருவாத கண்ணாடி) இழைகள் முறுக்கியிருந்தால், அசலென்றால் அநேகமாக 1750க்கும் 1780க்கும் இடைப்பட்டது. 1777-ல் எனாமலுக்கும் வரி வந்ததும் அந்தப் பாணி ஓய்ந்தது. நகல் செய்தவர்களுக்கும் இந்த வரலாறு தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று சோதனையும் சேர்ந்தே தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஜாகோபைட் கிளாஸ்கள். அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்கு ஆதரவாக ரோஜாவும் மொட்டும் செதுக்கிய கிளாஸுக்கு வெறும் கிளாஸைவிடப் பல மடங்கு விலை. அதனால் அசல் பழைய கிளாஸை வாங்கிப் பின்னாளில் ரோஜாவை மட்டும் செதுக்கி விற்றிருக்கிறார்கள். ஓசை, நிறம், அடி எல்லாம் அசல். ரோஜா மட்டும் போலி. லென்ஸைச் செதுக்கலுக்குக் கொண்டுபோய், கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த கீறலை வெட்டிக்கொண்டு ரோஜா போகிறதா, அல்லது ரோஜாவின் மேல் கீறல் போகிறதா என்று பாருங்கள். ரோஜா கீறலை வெட்டியிருந்தால், பூ இல்லாத கிளாஸுக்கு என்ன விலையோ அதற்கு மேல் பைசா கொடுக்க வேண்டாம்.