புலாஸ்கி நீராவிக் கப்பல் சேவை: ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் வேகத்துக்காக

1838-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவிலிருந்து சார்ல்ஸ்டன் வழியாக பால்டிமோர் போன கப்பல் இது. இன்று யாரும் டிக்கெட் எடுக்கப் போவதில்லை, ஆனாலும் கடலில் ஒரே ஒரு ராத்திரிதான் என்று விளம்பரம் செய்து ஆள் பிடித்தவர்களுக்கு ஒரு விமர்சனமாவது எழுத வேண்டாமா?

வாடிக்கையாளர்களில் பலர் அடிமைகளை வைத்து நெல்லும் பருத்தியும் விளைவித்த பண்ணைக் குடும்பத்தினர். கோடை வந்தால் நெல் வயல் பக்கம் மலேரியா, உடனே பெட்டி கட்டிக்கொண்டு சாரடோகா, நியூபோர்ட் என்று வடக்கே இருந்த கோடை வாசஸ்தலங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். வயலில் வேலை செய்த அடிமைகள் எங்கே போவது, அங்கேயேதான். தரைவழியும் லேசில்லை. வட கரோலினாவில் வில்மிங்டன் வரைக்குமான ரயில் பாதை முடிந்ததே 1840-ல்தான், அதுவரை நடுவில் சதுப்பின் மேல் மரக்கட்டைகளை அடுக்கிப் போட்ட சாலையில் குதிரை வண்டி, கைக்குழந்தையோடு போனால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் கப்பலில் ஏறியதைக் குறை சொல்ல மாட்டேன்.

கப்பல் புதுசு, வேகமும் சரி. ஆனால் ஜூன் 14 இரவு 11 மணிவாக்கில், கரையிலிருந்து சுமார் 30 மைல் தள்ளி, வலப்பக்கக் கொதிகலன் வெடித்தது, முக்கால் மணி நேரத்தில் கப்பல் உடைந்து மூழ்கியது. ஏறக்குறைய 200 பேருக்கு நாலே படகு, அதிலும் மேல்தளத்தில் வெயிலில் கிடந்து மூட்டு விட்டுப்போனவை தண்ணீரில் இறக்கியதும் நிரம்பிவிட்டன. பிழைத்தவர்கள் 60 பேர் இருக்கலாம். சிலர் உடைந்த பலகைகளைப் பிடித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல், நாலு நாளுக்கு மேல் மிதந்த பிறகுதான் ஒரு பாய்மரக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

இதைவிட எனக்கு எரிச்சல் பயணிகள் பட்டியலைப் பார்த்துத்தான். எஜமானர், மனைவி, குழந்தை, அப்புறம் கூட வந்த அடிமைகளுக்கு 'வேலையாள்' என்று ஒற்றைச் சொல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா என்றார்கள், வந்தார்கள், பெயர்கூட எழுதப்படவில்லை. பயணக் கஷ்டம் என்று புகார்ப் புத்தகம் ஒன்று வைத்திருந்தால் அவர்கள்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கவே ஜார்ஜியாவில் சட்டத் தடை என்பது வேறு விஷயம்.

பிழைத்தவர்களில் 14 வயது சார்ல்ஸ் லாமர் ஒருவர். தாயும் உடன்பிறந்தவர்களும் அந்தக் கடலிலேயே போய்விட்டார்கள். இதே ஆள்தான் 1858-ல் வாண்டரர் என்ற சொகுசுப் பாய்க்கப்பலில், அடிமைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்தை மீறி, 400-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஜார்ஜியாவின் ஜெகில் தீவில் கொண்டுவந்து இறக்க வைத்தவர். ஏற்றியவர்களில் சுமார் 80 பேர் வழியிலேயே செத்திருந்தார்கள்.