ஸ்விம் ஸ்பா பம்புக்கு வால்வு போட்டு நாலு வருஷம்

ஜெட் நீரோட்டத்தை எதிர்த்து, இருந்த இடத்திலேயே நீந்துவதற்கான தொட்டிதான் ஸ்விம் ஸ்பா. அதன் பம்புக்கு அடியில் ஈரம் தெரிந்தது. பம்பின் சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் போயிருந்தது. விரல் நுனியில் அடங்கும் அந்தச் சீலை மாற்ற, ஸ்விம் ஸ்பாவில் இருந்த சுமார் 6,000 லிட்டர் தண்ணீரையும் வடிக்க வேண்டியதாயிற்று. பம்புகள் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. வால்வு எதுவும் இல்லை. பம்பைக் குழாயோடு இணைக்கும் திருகு இணைப்பை, அதாவது யூனியனைக் கழற்றினால் தொட்டியே காலி. வடித்ததுகூடப் பரவாயில்லை. திரும்ப நிரப்பி, சூடேற்றி, குளோரினையும் பிஎச்சையும் நிலைக்குக் கொண்டுவர மூன்று நாள் போனதுதான் எரிச்சல்.

தொட்டிதான் காலியாகிவிட்டதே என்று அப்போதே வால்வு வைத்தேன். மூன்று பம்புக்கு ஆறு வால்வு. உறிஞ்சும் பக்கம் மட்டும் வைத்தால் போதாது. ஜெட்டுகளும் தண்ணீருக்குள்ளேதான் இருக்கின்றன, வெளியேற்றும் குழாய் வழியாகவும் தண்ணீர் திரும்பி வரும்.

முதல் சறுக்கல் அளவில். 2 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 60.3 மில்லிமீட்டர். நான் வாங்கி வந்தது 63 மில்லிமீட்டர் குழாய்க்கான வால்வு, லொடலொடவென்று ஆடியது. பசை நிரப்பிச் சமாளிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். மாற்றி வாங்கி, குழாயை நன்றாக உலர்த்தி ஒட்டி, 24 மணி நேரம் விட்டேன்.

உறிஞ்சும் பக்கத்தில் இன்னொரு கவனம் வேண்டும். தொட்டிச் சுவரில் இரண்டு உறிஞ்சு வாய்கள் இருப்பது, ஒன்று அடைபட்டாலும் மற்றதில் தண்ணீர் வரட்டும், முடியோ உடலோ சிக்காமல் இருக்கட்டும் என்பதற்காக. தனித்தனி வால்வு வைத்து ஒன்றை மூடிவிட்டால் அந்தப் பாதுகாப்பே போச்சு. இரண்டும் சேர்ந்த பிறகு, பம்பை ஒட்டித்தான் வால்வு வர வேண்டும்.

இடம் குறைவு என்பதால் தகடு இறங்கி மூடும் வகையை வைத்தேன். அதில் ஒரு கிளிப் உண்டு, திறந்த தகடு அதிர்வில் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ள. ஒரு முறை அதை மாட்ட மறந்தேன். ஒரு வாரம் நீச்சல் ஜெட் சோர்ந்து கிடந்தது. ஃபில்டரைக் கழுவினேன், பம்பைத் திட்டினேன். பார்த்தால் தகடு பாதி இறங்கியிருந்தது!

இரண்டாம் வருஷம் அடுத்த பம்பின் சீல் போனது. மெயின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு வால்வையும் மூடி, யூனியனைக் கழற்றினேன். அரை வாளித் தண்ணீர் கொட்டியது, சரி. ஆனால் நிற்கவே இல்லை. பம்பின் அடியிலிருந்து பக்கத்துப் பம்புக்குப் போகும் மெல்லிய வடிகுழாயை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதை மடித்துக் கட்டிய பிறகே நின்றது. அந்த வடிகுழாய்க்கும் ஒரு குட்டி வால்வு இப்போது உண்டு.

மாட்டியதும் உடனே ஓட்டிவிடக் கூடாது. முதலில் உறிஞ்சும் பக்கத்தைத் திறந்து, மேல் யூனியனைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட வேண்டும். தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் இறுக்கி, மற்ற வால்வையும் திறந்த பிறகுதான் சுவிட்ச். வால்வு மூடியபடியோ காற்றோடோ ஓடினால் புதுச் சீலும் சூடேறிக் கெடும். யூனியனில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ்தான், வாசலின் வேண்டாம்.

இப்போது ஆறில் இரண்டு இறுகிவிட்டன, ஒன்று முழுசாக மூடுவதில்லை. மாதம் ஒரு முறை, பம்பை நிறுத்திவிட்டு மூடித் திறந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று நினைக்கிறேன். மூன்றாவது பம்பில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அடுத்து தண்ணீர் மாற்றும்போது அதில் யூனியனோடு வரும் பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் வகை) போடப் போகிறேன். வாங்கி வைத்தாயிற்று, இந்த முறை அளவு பார்த்து.