எந்தப் பக்கம் மாறுவது லாபம்? பால் மாறும் மூன்று குட்டி மீன்கள்

நீலப்பட்டை உளுவை விரல் நீளம்கூட இருக்காது. செம்மஞ்சள் உடம்பில் பளீரென்ற நீலக் கோடுகள். கலிபோர்னியா கரையோரப் பாறைகளில், கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே ஒண்டிக்கொள்ளும். ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள். அந்த ஆண் காணாமல் போனால், பெண்களில் கை ஓங்கியது மற்றவற்றை விரட்டத் தொடங்கும். இரண்டு வாரம் போதும், ஆணாகி முட்டைக்குக் காவல் நிற்கும்.

கோமாளி மீனிடம் கதை தலைகீழ். கடல் சாமந்திக்குள் வாழும் கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி ஆண், மீதியெல்லாம் முறைக்காகக் காத்திருக்கும் சின்னவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாகும். காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகும்.

இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். பல பெண்களைக் கட்டிக் காக்க வேண்டிய ஆணுக்கு உடம்பு பெரிதாக இருப்பது லாபம். ஒரே ஜோடியோடு வாழும் கோமாளிக்கு அந்தத் தேவை இல்லை. பெரிய உடம்பில் முட்டை அதிகம் பிடிக்கும் என்பதால் பெரியது பெண்ணாக இருப்பதே நல்லது. ஆனால் பெண்ணான கோமாளி மறுபடி ஆணாகாது. உளுவைக்குத் திரும்பி வரவும் வழி உண்டு, அதனால் கோமாளியைவிட அதற்கே என் ஓட்டு.

இரண்டையும் மிஞ்சியது மான்கொம்புப் பவளத்தின் கிளை இடுக்கில் குடியிருக்கும் பவள உளுவை. இதுவும் இரு பக்கமும் மாறும் என்று ஆஸ்திரேலியாவில் பிலிப் மன்டேயும் உடன் ஆய்வாளர்களும் 1998-ல் காட்டினார்கள். ஜோடி தேடி அடுத்த பவளத்துக்கு நீந்தினால் வழியிலேயே யாராவது விழுங்கிவிடலாம். ஒரே பாலில் இரண்டு சேர்ந்துவிட்டால் ஒன்று மாறிக்கொள்கிறது. எங்கும் அலைய வேண்டியதில்லை.

இருக்கிற வீட்டையும் அது பார்த்துக்கொள்கிறது. ஃபிஜியில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், நச்சுப் பாசி உரசியதும் பவளம் ஒரு வேதிப்பொருளை வெளியிட்டது. கால் மணி நேரத்துக்குள் உளுவைகள் வந்து பாசியைக் கொறித்து அகற்றின. அவற்றில் ஓர் இனம் அந்தப் பாசியைத் தின்றே தன் தோல் வழவழப்பின் நஞ்சைக் கூட்டிக்கொண்டது.

இந்த வீட்டைத்தான் கடல் சூடாகி வெளுக்க வைக்கிறது. வெளுப்பு நீடித்தால் பவளமே செத்துவிடும். பவளம் செத்துவிட்டால், பால் மாறும் திறமை எதற்கும் உதவாது.