பால் கணக்கும் லுக்கர் ஸ்டூடியோவும்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

காலமை ஏழரைக்குள் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் 12 நிலையங்களிலும் பால் அளந்து முடிந்துவிடும். நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, கைதடி, கொடிகாமம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் பொறுப்பாளர்கள் முன்பு கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணினியில் ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். தலைவர் ஐயாவோ பத்து மணிக்கே கேட்பார்: "பிள்ளை, இண்டைக்கு மொத்தம் எத்தினை லீற்றர்?" அந்த நேரத்தில் என்னிடம் பாதிக் கணக்குத்தான் இருக்கும்.

இப்போது பொறுப்பாளர்கள் தொலைபேசியில் ஒரு கூகிள் படிவத்தை நிரப்புகிறார்கள். அது நேரே கூகிள் ஷீற்றுக்குள் விழுகிறது. அங்கிருந்து கூகிளின் லுக்கர் ஸ்டூடியோ என்ற மென்பொருள் எடுத்து டாஷ்போர்ட்டாக, அதாவது படங்களும் அட்டவணைகளும் உள்ள ஒரு பக்கமாகக் காட்டுகிறது. 2016இல் டேட்டா ஸ்டூடியோ என்ற பெயரில் வந்து, 2022 ஒக்ரோபரில் பெயர் மாறியது இதுதான். அடிப்படைப் பதிப்புக்குக் காசு இல்லை. எங்களைப் போன்ற சங்கத்துக்கு அதுதான் முதல் காரணம்.

படம் வரைவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோட்டுப்படம், பட்டைப்படம், அட்டவணை எல்லாம் இழுத்துப் போட்டால் வந்துவிடும். ஷீற் தெரிந்த எவரும் இரண்டு நாளில் பழகலாம். பலர் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் பக்கத்தின் அகலத்தைக் குறைத்து, நீளமாக வைத்திருக்கிறேன். நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கி 25 நாளும் எங்கள் விற்பனை நிலையத்தில் பால் எவ்வளவு கூடப் போகிறது என்பதை முதன்முதலாக ஒரே கோட்டில் பார்த்தபோது சந்தோசமாக இருந்தது. அதற்கேற்ப அடுத்த வருடம் பாலை ஒதுக்கி வைத்தோம்.

இந்த மென்பொருளை நான் அளப்பது வேறு ஒன்றை வைத்து: யார் எதைப் பார்க்கலாம், அது யாருடைய பெயரில் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் நாளுக்கு எத்தனை லீற்றர் தருகிறார், தீவனக் கடனுக்கு அவரிடம் எவ்வளவு கழிக்கிறோம் என்பது அந்த வீட்டு விசயம். அது அயல் வீட்டுத் தொலைபேசியில் தெரியக்கூடாது. ஒரு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற அம்மாமார் எங்களிடம் பால் ஊற்றுகிறார்கள். அவர்களுடைய கணக்கைக் காப்பது என் வேலையின் பாதி.

லுக்கர் ஸ்டூடியோவில் தரவை இணைக்கும்போது ஒரு தெரிவு வரும்: பார்ப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு பார்ப்பதா, தன் சொந்த அனுமதியோடு பார்ப்பதா என்று. அவசரத்தில் பலரும் வாசிக்காமல் கடந்துவிடுகிற இடம் இது. சொந்த அனுமதி என்றால் பார்ப்பவருக்கு ஷீற்றையும் திறந்துவிட வேண்டும்; அப்போது எல்லாப் பெயரும் எல்லாக் கடனும் அவர் கையில். உரிமையாளர் அனுமதி என்றால் ஷீற்றைத் திறக்கத் தேவையில்லை, டாஷ்போர்ட் மட்டும் போதும். நாங்கள் உரிமையாளர் அனுமதியை எடுத்தோம். அதோடு, பெயர் இல்லாத தொகுப்பை வேறொரு ஷீற்றாகப் பிரித்து, அதை மட்டுமே இணைத்தோம். பார்ப்பவர் தரவிறக்குவதையும், அச்சிடுவதையும், பிரதி எடுப்பதையும் பகிர்வுப் பக்கத்தில் நிறுத்தலாம். அதைத் தானாகச் செய்து தராது, நீங்கள்தான் போய் அடையாளமிட வேண்டும். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற தெரிவைத் தொடவே வேண்டாம். வட்ஸ்அப்பில் ஒருக்கால் போன லிங்க் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் நிலையத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்கு மின்னஞ்சல் வடிகட்டி உதவியது. ஷீற்றில் ஒரு நிரலில் பொறுப்பாளரின் மின்னஞ்சலைப் போட்டால், அவர் உள்நுழையும்போது அவருடைய வரிகள் மட்டும் வரும். முதல்தரம் திறக்கையில் மின்னஞ்சலைப் பகிரலாமா என்று கேட்கும். அன்றைக்குக் காலமை எனக்கு ஒன்பது அழைப்பு. "தங்கச்சி, என்னவோ அனுமதி கேக்குது, குடுக்கலாமோ?" என்று ஒரு அக்கா பயந்துபோய்க் கேட்டா. இரண்டு பேருக்குக் கடவுச்சொல்லே மறந்துபோயிருந்தது. நிலையம் நிலையமாகப் போய் உட்கார்ந்து சரி செய்ய ஒரு கிழமை எடுத்தது. இன்னொன்று: ஒரு வரிக்கு ஒரு மின்னஞ்சல்தான். எல்லா நிலையத்தையும் பார்க்க வேண்டிய முகாமையாளருக்கு அதே டாஷ்போர்ட் வெறுமையாக நின்றது. அவருக்கு வடிகட்டி இல்லாத வேறொரு தரவு இணைப்பும் வேறொரு பக்கமும் செய்ய வேண்டியிருந்தது.

இனி எங்களுக்கு நடந்த ஒரு பிசகைச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு உதவும். டாஷ்போர்ட்டை முதலில் செய்தது என்னோடு வேலை செய்த ஒரு அண்ணை. தன்னுடைய சொந்த ஜிமெயிலில் செய்திருந்தார். அவர் கனடாவுக்குப் போக முதல், உரிமையைச் சங்கத்தின் ஜிமெயிலுக்கு மாற்றித் தந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மூன்று கிழமை கழித்து ஷீற்றிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டோம். அடுத்த நாள் காலமை அத்தனை படமும் சாம்பல் நிறம், தரவோடு இணைக்க முடியவில்லை என்ற செய்தி. அறிக்கையின் உரிமை வேறு, தரவு இணைப்பு யாருடைய அனுமதியில் ஓடுகிறது என்பது வேறு. முதலாவதை மாற்றியிருந்தோம், இரண்டாவது அவருடைய பெயரிலேயே கிடந்தது. எங்களுக்கு விடியும்போது அங்கே இரவு, இருந்தும் அண்ணை அழைப்பை எடுத்தார். அவர் சொல்லச் சொல்லத் தரவு இணைப்பைத் திறந்து, அனுமதியைச் சங்கத்தின் கணக்குக்கு மாற்றி, மீள இணைத்தேன். பத்து நிமிட வேலை. காரணம் தெரியாமல் நின்றதுதான் மூன்று மணித்தியாலம். ஆகவே தொடங்கும் நாளிலேயே நிறுவனத்துக்கென்று ஒரு கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் அதன் பெயரில் செய்யுங்கள். காசு கட்டும் புரோ பதிப்பில் அறிக்கைகள் ஆளுக்கு இல்லாமல் நிறுவனத்துக்கே சொந்தமாகின்றன. இலவசப் பதிப்பில் அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன விசயங்கள் சில. ஷீற்றில் ஏறியது உடனே தெரியாது. வழமையாக 15 நிமிடத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கும். அவசரம் என்றால் நான் கையால் புதுப்பிப்பேன். ஷீற்றின் நாட்டமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 3/4 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்கும்வரை எங்கள் மாதக் கணக்கு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அமைப்பில் போய் மாற்றினால் சரி. குறித்த நேரத்துக்கு மின்னஞ்சலில் பிடிஎஃப் அனுப்பும் வசதி இலவசப் பதிப்பில் ஓர் அறிக்கைக்கு ஒன்றுதான். எங்களுக்கு அது போதும்: பத்து மணிக்குத் தலைவர் ஐயாவுக்குப் போகிறது, அவர் அச்செடுத்து மேசையில் வைத்துப் பேனையால் குறித்து வாசிப்பார்.

மைக்ரோசொஃப்டின் இதே மாதிரி மென்பொருளான பவர் பிஐயையும் பார்த்தோம். கணக்குப் போடும் பலத்தில் அது இதைவிட மேல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விண்டோஸ் கணினியில் தனியாக வேலை செய்யக் காசும் இல்லை. ஆனால் சங்கத்துக்குள் மட்டும் பகிர வேண்டும் என்றால் எங்களைப் போன்ற சிறிய இடத்தில் செய்பவருக்கும் பார்ப்பவருக்கும் புரோ உரிமம் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டொலர். நிலையங்கள் 12, அலுவலகத்தில் 3 பேர். மாதம் 210 டொலர். அந்தக் காசுக்குத் தீவனம் வாங்கலாம் என்று முகாமையாளர் சொன்னார், நானும் அதற்கு உடன்பட்டேன். நூறு பேர் வேலை செய்யும் கொம்பனிக்கு என் பதில் வேறாக இருக்கலாம்.

போன கிழமை கொடிகாமத்து அக்கா அழைத்தா. "தங்கச்சி, என்ரை பக்கத்திலை லக்ரோமீற்றர் வாசிப்பு மூண்டு நாளா இறங்கிக் கிடக்கு, ஆக்கள் தண்ணி கலக்கிறவை இல்லை" என்றா. லக்ரோமீற்றர் என்பது பாலின் அடர்த்தியை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே வேறு லக்ரோமீற்றரைக் கொண்டுபோய்ப் பார்த்தோம், பழையதுதான் பிழை. அந்த மூன்று நாளும் விலை குறைத்துப் போட்டவர்களுக்கு மிச்சக் காசைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை கையில் கொடுத்தோம்.