ராஜமலையா, தேக்கடியா, சின்னாறா? வாண்டுகளோடு காட்டுக்குள் நடக்க எது தோது

அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்றைக்கே தேனியிலிருந்து தங்கை போன் போட்டுவிடுவாள். "அக்கா, இந்தத் தடவை பிள்ளைகளை எந்தக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நாலரை. மூணாறில் குடியிருப்பதால் எனக்கு எல்லாக் காடும் அத்துப்படி என்று அவளுக்கு நினைப்பு. உண்மையில் பிள்ளைகளோடு நான் நடந்து பார்த்தது மூன்றே மூன்று இடம்: இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை, தேக்கடி என்று நாம் சொல்கிற பெரியாறு புலிகள் காப்பகம், மறையூரைத் தாண்டிக் கீழே இறங்கினால் வரும் சின்னாறு சரணாலயம்.

எது அழகு என்று கேட்டால் சண்டைதான் வரும். என் அளவுகோல் வேறு. பிள்ளை பாதி வழியில் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்டால், அங்கே நாமும் உட்கார முடியுமா? பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தூரத்தைவிட இதுதான் முக்கியம்.

இந்தக் கணக்கில் ராஜமலைதான் சுலபம். டிக்கெட் எடுக்கும் இடத்திலிருந்து வனத்துறை பஸ்ஸே மேலே ஏற்றிக்கொண்டு போய்விடும். இறங்கினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தார் ரோடு, மெல்ல மெல்ல ஏற்றம். வழிகாட்டி கிடையாது, கூட்டத்தோடு ஓட வேண்டியதில்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்றாலும் கேட்க ஆளில்லை. இளையவன் நின்றுகொண்டேதான் நடந்தான். ஒரு வளைவில் பனிமூட்டம் விலகியதும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வரையாடு. "பெரியம்மா, இது ஆடுதானே? நம்ம தெருவுலயே இருக்கே" என்றான். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்கிற உயிர், தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றெல்லாம் நான் ஆரம்பித்ததை அவன் காதில் வாங்கவில்லை. அது அசை போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னோக்கி வளைந்த கொம்பில் வரிவரியாக மேடு, இமை மயிரில் பனித்துளி. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குக் கயிறு இல்ல" என்றான். அதுதான் வித்தியாசம் என்று அவனாகவே கண்டுபிடித்துவிட்டான்.

குறை இல்லாமல் இல்லை. 97 சதுர கிலோமீட்டர் பூங்கா, தென்னிந்தியாவிலேயே மிக உயரமான 2,695 மீட்டர் ஆனைமுடிச் சிகரம் என்று பெருமை பேசினாலும் நாம் நடப்பது அந்த ஒரு ரோட்டில் மட்டும்தான். காட்டுக்குள் போன உணர்வு மூத்தவளுக்கு வரவே இல்லை. லீவு நாளில் கூட்டம் நெரிகிறது. முன்பதிவு செய்யாமல் போனால் நடக்கிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் கூடிவிடும். டிசம்பர், ஜனவரி காலையில் இங்கே புல்லில் உறைபனி விழும். தேனி வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் கட்டாயம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். குறிஞ்சி பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு: 2018இல் பூத்தது, இனி 2030.

தேக்கடி இதற்கு நேர் எதிர். அங்கே ரோடு இல்லை, நிஜமான காட்டு நடை. வழிகாட்டியோடு குழுவாகப் போக வேண்டும். தொடக்கத்திலேயே மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, ஏரியின் குறுகிய கை ஒன்றைக் கடத்தி விடுவார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை கொடுத்த காசு அந்த நிமிஷமே வசூலாகிவிடும். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை துணிக் காலுறை மாட்டிவிடுவார்கள், அதுவும் ஒரு குஷி. வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள், வேட்டையாடியவர்கள். தொண்ணூறுகளில் அவர்களையே காவலுக்கு மாற்றியது பெரியாறில் நடந்த நல்ல காரியம். மரத்தில் கரடி கீறிய தழும்பை எங்களுக்குக் காட்டியவர் அதைத் தடவிப் பார்க்கவும் மூத்தவளைத் தூக்கிவிட்டார்.

ஆனால் நடை மூன்று மணி நேரம். சத்தம் போடக் கூடாது. இரண்டாவது மணி நேரத்தில் மூத்தவள் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நின்றால் அட்டை ஏறுகிறது, திரும்பிப் போகவும் தனி வழி இல்லை. கடைசி அரை மணி நேரம் அந்த வழிகாட்டியின் தோளில்தான் வந்தாள். காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் ரத்தம் குடித்து உருண்ட ஓர் அட்டை. அவள் அழவில்லை, என் தங்கைதான் அழுதாள். இளையவனை நாங்கள் இதற்குக் கூட்டிப் போகவே இல்லை. அவன் அப்பாவோடு படகுக்குப் போனான்.

படகைப் பற்றி ஒன்று. 2009 செப்டம்பரில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உயிர்காப்புச் சட்டை பிள்ளையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வார்களை நீங்களே இழுத்துக் கட்டுங்கள். யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டாம். மற்றபடி தேனிக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே கதை இருக்கிறது. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன, உச்சியில் நீர்க்காகம் சிறகு காய வைக்கும். "இந்தத் தண்ணிதான் நம்ம கம்பம் வயலுக்கு வருது" என்று அப்பா சொன்னதை இளையவன் இன்னும் நம்பவில்லை.

மூன்றாவது சின்னாறு. பேர் கேட்டதும் தங்கை வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "முள்ளுக்காட்டுல என்ன இருக்கு?" முள்ளுக்காடுதான். மூணாறு மலை மழையையெல்லாம் வாங்கிக்கொள்ள, அறுபது கிலோமீட்டர் தள்ளி இந்த மழைமறைவில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்யும். அதனால்தான் அட்டை இல்லை, வழுக்கல் இல்லை, டிசம்பரில் ஸ்வெட்டரும் வேண்டாம். உடுமலைப் பக்கத்து ஆட்களுக்கு இது வாசலில் இருக்கிற காடு.

செக்போஸ்ட்டிலிருந்து ஆற்றோரமாக ஒரு நடை. இங்கேயும் வழிகாட்டி உண்டு, ஆனால் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒருவர் வந்தார். மலைக்குடியைச் சேர்ந்தவர், தமிழிலேயே பேசினார். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இளையவன் உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் மேலேயிருந்து ஏதோ சொத்தென்று விழுந்தது. பாதி கடித்த புளியங்காய். அண்ணாந்து பார்த்தால் நீர்மருதின் கிளைக்கும் பக்கத்துப் புளிக்கும் நடுவே நீண்ட சாம்பல் வால் தொங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயத்துக்கே பேர் கொடுத்த அதே சாம்பல் அணில். பல் பதிந்த அந்தக் காயை மூத்தவள் எடுத்துப் பையில் போடப் பார்த்தாள். "வேண்டாம் பாப்பா, அது சாப்பிட்டு முடிக்கல" என்றார் வழிகாட்டி. திரும்ப வைத்துவிட்டாள்.

தூவானம் அருவி நடை தனி. ஏற்ற இறக்கம் கூடுதல், போய் வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஏழு வயதுக்குச் சரி, நாலரைக்கு வேண்டாம். பாம்பாற்றிலும் சின்னாற்றிலும் கால் நனைக்க ஆசை வரும், வழிகாட்டி கை காட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற அமராவதி அணையில் முதலைப் பண்ணையே இருக்கிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள். வெயிலும் சாதாரணமில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதம் என்றால் சின்னாற்றை மறந்துவிட்டு ராஜமலைக்கே போங்கள். மூணாற்றிலிருந்து வருகிற வளைவுகளில் மூத்தவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், எலுமிச்சம்பழம் உதவவில்லை. மறையூரில் காய்ச்சுகிற சூட்டோடு வாங்கிய வெல்லம் உதவியது.

ஆக, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மட்டும் என்றால் ராஜமலை. பத்து வயதைத் தாண்டிய, வாயை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த பிள்ளை என்றால் தேக்கடி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் வீட்டைப் போல ஏழும் நாலரையும் கலந்து இருந்தால், குளிர்கால லீவில் சின்னாறுதான். நேற்று தங்கையிடம் அதைத்தான் சொன்னேன். பின்னாலிருந்து இளையவன் போனைப் பிடுங்கினான். "பெரியம்மா, அங்க கயிறு இல்லாத ஆடு இருக்கா?"