யானைக்கால் பராமரிப்புப் பெட்டி: சோப்பு போதும், பேண்டேஜ் வேண்டாம்

ஃபைலேரியா கிளினிக்குகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் யானைக்கால் நோயாளிகளுக்கு இலவசமாகத் தரும் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் டப், மக், துண்டு, சோப்பு, ஒரு டியூப் பூஞ்சைக் களிம்பு இருக்கும். இடத்துக்கு இடம் வாளி, கிருமிநாசினி, பேண்டேஜ் சுருள் என்று கூடவோ குறையவோ செய்யும். மாத்திரையும் ஊசியும் எதிர்பார்த்து வந்தவருக்கு இது ஏமாற்றமாகத்தான் தெரியும். ஆனால் வீங்கிய காலுக்கு இவ்வளவு மலிவாக, இவ்வளவு உறுதியான சான்றோடு உதவுகிற பொருள் வேறில்லை.

யானைக்கால் நோயைத் தரும் புழு, உடலில் சேரும் நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்டுப் பின்னர் செத்தும் போகலாம். பழுதான குழாய் பழுதானதுதான். இந்நோய்க்குத் தரும் டிஇசி (டைஎதில்கார்பமசைன்) மாத்திரை ரத்தத்தில் உள்ள நுண்புழுக்களைக் கொல்லும், பரவலைத் தடுக்கும். கெட்டுப்போன குழாயை அது சீராக்காது. அதன் பிறகு காலைப் பெருக்க வைப்பது பாக்டீரியா. விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து தோல் வெடிக்கிறது. அந்த வழியே கிருமி நுழைகிறது. நெறி கட்டி, குளிரோடு காய்ச்சல் வந்து, கால் சிவந்து வலிக்கிறது. இப்படி வரும் ஒவ்வொரு காய்ச்சலும் தோலை இன்னும் தடிப்பாக்கிவிட்டுப் போகும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயரும் குழுவினரும் இதை நோயாளிகளிடம் தொடர்ந்து கவனித்துத்தான், கழுவுவதையே சிகிச்சையின் மையமாக வைத்தார்கள்.

மருந்து ஆராய்ச்சியும் இதே பக்கம்தான் சாய்கிறது. கானாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், தினம் 200 மி.கி. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 6 வாரம் எடுத்தவர்களில் பலருக்கு வீக்கத்தின் நிலை குறைந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. அதே அளவை இந்தியா, இலங்கை, மாலி ஆகிய 3 நாடுகளில் மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 24 மாதம் தொடர்ந்து பார்த்தபோது, டாக்சிசைக்ளினுக்குத் தனி மேன்மை தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் இரு தரப்பினருக்கும் கால் கழுவும் முறை கற்றுத் தரப்பட்டிருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கழுவுவதற்கு மேல் மாத்திரையால் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதே இதன் பொருள்.

இனி பெட்டியில் உள்ளவை. நல்ல சோப்பு என்றால் வாசனையும் உறைப்பும் இல்லாத சாதாரணக் குளியல் சோப்பு. துணி சோப்பு தோலை வறட்டி வெடிக்க வைக்கும். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும், வெந்நீர் கூடாது. முதலில் நகம், விரல் இடுக்கு, மடிப்புகளில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீக்கத்தின் மேல் எல்லையிலிருந்து பாதம் நோக்கிக் கையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிரஷ்ஷோ பீர்க்கங்காய் நாரோ வேண்டாம். கழுவி விழும் நீர் தெளியும் வரை ஊற்ற வேண்டும். வீங்காத காலையும் கழுவுவது அவசியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பெட்டியின் பெரிய குறை துடைப்பதில் இருக்கிறது. துண்டு தடிமன், நெருங்கி வளர்ந்த விரல்களுக்கு இடையிலும் ஆழமான மடிப்புகளுக்குள்ளும் அது போகாது. ஈரம் அங்கேயே தங்கினால் கழுவியதன் பலன் பாதி போய்விடும், பூஞ்சை மறுபடி வரும். பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் காயவைத்து, சிறு கீற்றுகளாகக் கிழித்து இடுக்குகளில் ஒற்றி எடுக்கலாம். பிறகு மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் காட்ட வேண்டும். ஆய்வாளர்கள் சொல்லும் மெல்லிய வலைத்துணியைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். செலவு மிகக் குறைவு.

களிம்பை உலர்ந்த விரல் இடுக்கில் மெல்லிசாகத் தடவ வேண்டும். புண் ஆறியதும் நிறுத்தினால் திரும்ப வரும். மேலும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். சோப்பும் களிம்பும் தீர்ந்ததும் பெட்டி வெறும் டப்தான். மாதா மாதம் நிரப்பித் தரும் ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்தைப் பாதி என்றே சொல்ல வேண்டும். டப் விஷயமும் உண்டு: பாதம் முழுதாக நுழைய வாய் அகலமாகவும் விளிம்பு மழுமழுவென்றும் இருக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ என்பதால், வயதானவர் அதைத் தூக்கிக் கொட்ட மாட்டார். அவருக்கு ஸ்டூலில் உட்கார்ந்து மக்கால் ஊற்றிக்கொள்வதே சுலபம்.

வீக்கத்தை அழுத்திக் குறைக்கச் சுற்றும் பேண்டேஜ் சுருள் பெட்டியில் வந்தால், கட்டத் தெரிந்தவர் நேரில் சொல்லித் தராமல் சுற்ற வேண்டாம். ஹைத்தியின் லியோகான் நகரில் பேண்டேஜைப் பெரிதாக நம்பிய காலத்தில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு சராசரி 1.56 முறை காய்ச்சல் வந்தது. பேண்டேஜைக் குறைத்து, கழுவுவதையும் தோல் பராமரிப்பையும் வலியுறுத்திய பிறகு அது 0.48 ஆகக் குறைந்தது. வெப்ப நாட்டில் நனைந்த பேண்டேஜுக்குள் தோல் ஊறிப்போகும். இறுக்கமாகச் சுற்றினால் புண்ணும் ஆகும்.

பெட்டிக்குள் வைக்க முடியாதவை இரண்டு: காலை உயர்த்தி வைப்பதும் கணுக்கால் பயிற்சியும். உட்காரும்போது பாதம் இடுப்பு உயரத்தில் இருந்தால் நல்லது. இரவில் மெத்தையின் கால்மாட்டுக்கு அடியில் செங்கலோ தலையணையோ வைக்கலாம். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்தான் இதைச் செய்ய வேண்டும். வீட்டுவேலைக்கு நடுவில் குதிகாலைத் தூக்கி இறக்குவதும் கணுக்காலைச் சுழற்றுவதும் நிணநீரை மேலே தள்ளும்.

குளிரோடு காய்ச்சல் வந்துவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காலை ஓய்வில் வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணி போட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, பாராசிட்டமால் எடுத்து, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்படும். வெந்நீர் ஒத்தடம், தோலைக் கீறுதல், பச்சிலைப் பற்று எதுவும் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது டிஇசியும் கூடாது. இந்த எச்சரிக்கைகளைப் பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டினால், பல வீடுகளில் ஒரு காய்ச்சலாவது மிச்சமாகும்.